புதுப்பிப்பு: உப்புவெளியில் பழைய குப்பைக் காணி, மண் பரிசோதனை முடிவு

முன்பு குப்பை கொட்டிய எங்கள் காணியில் கீரை போடலாமா என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

முதலில் பத்து இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து அனுப்பினேன். ஈயம் குறைவாகவே வந்தது. "கலக்காமல் தனித்தனியாக எடுங்கோ" என்ற யோசனைதான் கைகொடுத்தது. வேலியோர மூலையில் மட்டும் கிலோவுக்கு 400 மில்லிகிராமைத் தாண்டியது. குடியிருப்பு மண்ணுக்கு அமெரிக்கா 2024-இல் வைத்த எச்சரிக்கை அளவே 200தான். அங்கே தோண்டினால், கறுத்த மண்ணுக்குள் உடைந்த கார் பற்றரிகளின் ஈயத் தகடுகள்.

எதிர்பாராதது நாகம் (துத்தநாகம் என்ற உலோகம்). கலவை மாதிரியில் அது கூடியிருந்ததற்கு நான் மண்ணைக் கலக்கப் பாவித்த, நாகம் பூசிய தகர வாளிதான் காரணம். பிளாஸ்டிக் வாளிக்கு மாறியதும் இறங்கிவிட்டது.

சரி, அந்த மூலையைப் பிள்ளைகள் போகாமல் அடைத்துவிட்டோம். கீரை இப்போது வெளியிலிருந்து கொண்டுவந்த மண் நிரப்பிய உயர்த்திய பாத்தியில்.