மலையில் பழக எந்த ரிமோட் ஹெலிகாப்டர் ஏற்றது?

கேள்வி: கோத்தகிரியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். ஊட்டி அருகே தீட்டுக்கல் ஹெலிகாப்டர் தளத்தில் ஒருமுறை ஹெலிகாப்டர் இறங்குவதைப் பார்த்ததிலிருந்து, எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கும், உண்மையைச் சொன்னால் அவனைவிட எனக்கும், ரிமோட் ஹெலிகாப்டர் ஓட்டிப் பழகும் ஆசை பிடித்துக்கொண்டது. சென்ற ஆண்டு சமவெளியில் உள்ள ஒரு கடையில் சிறிய அகச்சிவப்பு ரிமோட் ஹெலிகாப்டர் ஒன்றை வாங்கினோம். கடைக்குள் கூரையைத் தொட்ட அது, எங்கள் வீட்டு முற்றத்தில் இடுப்பளவு உயரம் ஏறவே திணறுகிறது. வெயில் பட்டால் ரிமோட்டுக்குக் கட்டுப்படுவதும் இல்லை. பேட்டரிதான் காரணம் என்கிறார் கடைக்காரர். மலையின் உயரமும் காரணமாக இருக்குமா? அடுத்து வாங்குவதானால், மேலே சுற்றும் சுழலி இரண்டு இருக்கும் இரட்டைச் சுழலி உள்ளதை வாங்குவதா, ஒற்றைச் சுழலி உள்ளதை வாங்குவதா? சொல்லிக்கொடுக்க இங்கே யாரும் இல்லாத நிலையில் எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1: குன்னூரிலிருந்து

கடைக்காரரை முழுவதுமாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் உங்கள் ஐயம்தான் பெரும்பகுதி உண்மை. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் கோத்தகிரியில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 16 சதவீதமும், ஊட்டியில் ஏறத்தாழ 20 சதவீதமும் குறைவு. அதே எடையைத் தூக்க, சுழலியின் கோணம் மாறாத பிளேடுகள் (இறக்கைகள்) ஊட்டியில் சுமார் 12 சதவீதம் கூடுதல் வேகத்தில் சுழல வேண்டும். மலிவான பொம்மைகளின் மோட்டார்கள் கீழேயே முழு மூச்சில் ஓடுபவை என்பதால், அந்தக் கூடுதல் வேகத்துக்கு அவற்றில் இடமில்லை. குளிர்காற்றுக்கு அடர்த்தி சற்றுக் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதே குளிர் பேட்டரியைச் சோர்வடையச் செய்துவிடுவதால், ஒரு கையில் கிடைத்தது மறு கையில் போய்விடுகிறது. வெயிலில் கட்டுப்படாததற்குக் காரணம் வேறு: சூரிய ஒளியிலும் அகச்சிவப்புக் கதிர்கள் இருப்பதால், ரிமோட் அனுப்பும் சைகை அதில் அமுங்கிவிடுகிறது. எனவே அடுத்து வாங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ரிமோட் உள்ளதாக இருக்கட்டும்.

வகையைப் பொறுத்தவரை, என் பரிந்துரை இரட்டைச் சுழலிதான். ஒன்றின் மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு சுழலிகளும், உடலைத் திருப்பிவிடும் விசையைத் தமக்குள்ளேயே ஈடுசெய்துகொள்கின்றன. பிளேடு என்ற பிராண்டின் எம்சிஎக்ஸ்2 (mCX2) போன்றவற்றில், மேல் சுழலியோடு இணைந்த எடைத்தண்டு சாய்வைத் தானாகவே நிமிர்த்தும். ரிமோட்டின் குச்சியை விட்டுவிட்டாலும் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே மிதக்கும் என்பதால், பையனுக்கு முதல் நாளே நம்பிக்கை வந்துவிடும்.

பதில் 2: கொடைக்கானலிலிருந்து

குன்னூர் நண்பர் காற்றைப் பற்றிச் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். பரிந்துரையை மட்டும் ஏற்க மனம் வரவில்லை. தானே நிமிர்ந்துகொள்ளும் ஹெலிகாப்டர், ஓட்டுபவருக்கு நிமிர்த்தக் கற்றுத்தருவதில்லை. கூடத்துக்குள் அழகாக மிதக்கும் இரட்டைச் சுழலி, எங்கள் மலையின் இளங்காற்றிலும் முன்னேற முடியாமல் பின்னால் அடித்துச் செல்லப்படும். நான் அப்படி இரண்டைத் தேயிலைத் தோட்டத்தில் தொலைத்தேன். ஒன்று மூன்று மாதம் கழித்துக் கவாத்து வெட்டியபோதுதான் கிடைத்தது.

என் யோசனை, நான்கு சேனல் (ஏற்றம், திருப்பம், முன்பின், பக்கவாட்டு என நான்கு தனிக் கட்டுப்பாடு) உள்ள, பிளேடின் கோணம் மாறாத, மேலே ஒன்றும் வாலில் சிறிதாக ஒன்றும் சுற்றும் சிறிய ஒற்றைச் சுழலி. டபிள்யூஎல்டாய்ஸ் வி911 இந்த வகையைச் சேர்ந்தது; சாய்வை உணர்ந்து திருத்தும் கைரோ என்ற உணரி உள்ள புதிய வடிவங்கள் இன்னும் எளிது. வி911 கீழே விழுந்தாலும் சேதம் குறைவு. பறக்கும்போதே பிளேடின் கோணத்தை மாற்றும் பெரிய வகையை மட்டும் இப்போது தொடாதீர்கள். 450 என்று சொல்லப்படும் அளவில் ஒரு பிளேடின் நீளமே சுமார் 32 சென்டிமீட்டர். முழு வேகத்தில் அது பட்டால் எலும்புவரை வெட்டும்.

பழகும் முறையில் அவசரம் கூடாது. முதலில் கணினியில், திரையிலேயே ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் மென்பொருளை வைத்து, ரிமோட்டைக் கம்பியால் இணைத்து, தினமும் இருபது நிமிடம் ஓட்டுங்கள். அங்கே நூறு முறை விழுந்தாலும் பிளேடு வாங்கும் செலவில்லை. பிறகு கூடத்தில், ஹெலிகாப்டரின் வால் உங்களை நோக்கியிருக்க, ஒரே இடத்தில் நிறுத்திப் பழக வேண்டும். தரையை ஒட்டிய உயரத்தில், சுழலி கீழே தள்ளும் காற்றே தரையில் பட்டு அதைத் தள்ளாட வைக்கும்; அதனால் பயந்து தாழ்வாகவே ஓட்டாமல், முழங்கால் உயரத்துக்கு விரைந்து ஏற்றிவிடுங்கள். இன்னொன்றை யாரும் முதலிலேயே சொல்வதில்லை: மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும் ஒற்றைச் சுழலி ஹெலிகாப்டர், வால் சுழலி பக்கவாட்டில் தள்ளுவதை ஈடுகட்டச் சற்றே வலப்புறம் சாய்ந்துதான் அசையாமல் நிற்கும். அதைப் பழுது என்று நினைத்து நேராக்க முயன்றால், இடப்புறமாக நழுவிக்கொண்டே போகும்.

வால்பக்கம் கைவந்த பிறகே பக்கவாட்டு நிலை. முகம் உங்களை நோக்கிய நிலை கடைசியில்தான். அந்த நிலையில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தோன்றும். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்துக்கு முட்டுக்கொடுப்பதுபோலக் குச்சியைத் தள்ளினால் நிமிரும். எதிலாவது மோதப்போகிறது என்று தெரிந்த நொடியே சுழலியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைச் சுழியத்துக்கு இறக்குங்கள். பதற்றத்தில் எல்லோரும் ஏற்றிவிடுகிறோம். பல்சக்கரம் உடைவதும் மோட்டார் கருகுவதும் பெரும்பாலும் அதனால்தான்.

கேள்வி கேட்டவர்: கோத்தகிரியிலிருந்து

இருவருக்கும் நன்றி. ஒற்றைச் சுழலி என்று முடிவு செய்துவிட்டோம். குன்னூர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். வெளியே ஓட்ட அனுமதி ஏதேனும் தேவையா? பேட்டரியை இந்தக் குளிரில் எப்படிக் காப்பது?

பதில் 1: குன்னூரிலிருந்து

பொறுத்துக்கொண்டேன். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை எடையுள்ளவை நானோ வகை. அவற்றை ஓட்ட உரிமம் தேவையில்லை. ஆனால் பறக்கத் தடையுள்ள சிவப்பு மண்டலத்தில் எந்த எடைக்கும் முன் அனுமதி வேண்டும் என்பதால், அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் திடலைப் பார்த்துவிடுங்கள். இராணுவப் பயிற்சிக் கல்லூரி உள்ள வெல்லிங்டன், வெடிமருந்துத் தொழிற்சாலை உள்ள அருவங்காடு ஆகிய இடங்களின் அருகே எதையும் பறக்கவிடாதீர்கள். காட்டோரமும் வேண்டாம், தொலைந்ததைத் தேடி இறங்குகிற புதரில் காட்டெருமை நிற்கக்கூடும்.

இவற்றில் வரும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் வரை ஏறும், 3.3க்குக் கீழே இறங்கவிடாமல் நிறுத்திவிடுங்கள். பல நாள் வைப்பதானால் 3.8 வோல்ட்டில் வையுங்கள். உப்பிப்போனதை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள். உறைபனி விழும் காலைகளில், பறக்கவிடும்வரை பேட்டரியைச் சட்டைப்பையில் உடல் சூட்டில் வைத்திருப்பேன். எடுத்த எடுப்பில் துவளாது. விடியற்காலையில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். பகல் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலேறும். அதன் பின்னால் மூடுபனியும் வந்தால், பத்தடி தூரத்தில் ஹெலிகாப்டரின் முகம் எது, வால் எது என்பதே தெரியாது. ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள்.

பதில் 2: கொடைக்கானலிலிருந்து

கூடவே இரண்டு ஜோடி பிளேடும் ஒரு வால் சுழலியும் இப்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள். முதல் வாரத்திலேயே தேவைப்படும்.