உதவி: மிகப் பெரிய குதிரை, டிரெய்லருக்குள் பாதி ஏறிவிட்டுப் பின்வாங்குகிறது

ஈசூன் வாணி
சனி, இரவு 10.40

அவசரமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். எங்கள் முத்துவை அடுத்த மாதம் ஜொகூரில் ஒரு பண்ணைக்குக் கொண்டுபோக வேண்டும். வயது 17 ஆகிறது, இனிமேல் சவாரி இல்லை. மிச்சக் காலத்தைப் புல்வெளியில் கழிக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டோம். தெரிந்தவர் ஒருவரிடம் இரண்டு குதிரை ஏற்றும் டிரெய்லர் விலைக்கு வருகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இன்று சாயங்காலம் ஏற்றிப் பார்த்தோம். ராம்ப்பில் தயங்காமல் ஏறுகிறான், உள்ளே போகிறான், அப்புறம் அப்படியே பின்னாலேயே வந்துவிடுகிறான். ஐந்து முறை இப்படி. நாளைக்குள் பதில் சொல்லாவிட்டால் டிரெய்லர் வேறு ஆளுக்குப் போய்விடும். வாங்கலாமா? பெரிய குதிரை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

நோவீனா மாலா
சனி, இரவு 10.52

பெரிய குதிரை என்றால் எவ்வளவு பெரியது வாணி? உயரம், எடை இரண்டும் சொல்லுங்கள். டிரெய்லரின் உள் உயரம் என்ன?

இழுவைப்பிரியன்
சனி, இரவு 11.05

எதை வைத்து இழுக்கப் போகிறீர்கள்? முதல் கேள்வி அதுதான். டிரெய்லரின் தகட்டில் மொத்த எடை போட்டிருப்பார்கள். அதில் வெறும் டிரெய்லரின் எடையைக் கழித்தால்தான் எவ்வளவு ஏற்றலாம் என்று தெரியும். மொத்தம் 2,000 கிலோ, வெறும் எடை 950 என்று வையுங்கள், மிச்சம் 1,050. உங்கள் குதிரை 800 என்றால் ஒன்றோடு சரி. கூட ஒரு துணைக்குதிரை என்று நினைக்கவே வேண்டாம். தகட்டைப் படமெடுத்துப் போடுங்கள்.

கிராஞ்சி பழையவர்
ஞாயிறு, காலை 6.10

முப்பது வருடம் பந்தயக் குதிரைகளோடு இருந்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஏறாத குதிரை என்று ஒன்று கிடையாது. ஏற்றத் தெரியாதவர்கள்தான் உண்டு. ஐந்து முறை பின்னால் வர விட்டீர்கள் என்றால் ஐந்து முறை அவனுக்குப் பின்வாங்கக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். முதலில் கயிறு பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். டிரெய்லர் வாங்குவதெல்லாம் அப்புறம்.

ஜூரோங் லாரிக்காரன்
ஞாயிறு, காலை 7.30

ஒரே ஒரு பயணத்துக்கு டிரெய்லர் எதற்கு அக்கா? 14 அடி லாரி ஒன்று வாடகைக்கு எடுங்கள். பக்கத்தில் பலகை அடித்து, மேலே தார்ப்பாய் கட்டினால் போதும். ஊரில் மாட்டையெல்லாம் இப்படித்தான் கொண்டுபோகிறோம்.

காங்கேயம்77
ஞாயிறு, காலை 7.48

தம்பி, மாடும் குதிரையும் ஒன்றல்ல. எங்கள் வீட்டில் காளைகள் உண்டு, லாரியில் ஏற்றியும் இருக்கிறேன். மாட்டுக்குக் கால் அசந்தால் படுத்துக்கொள்ளும். குதிரை வழி முழுக்க நின்றுகொண்டே வரும். ஒவ்வொரு திருப்பத்திலும் காலை அகட்டி வைத்துச் சமாளிக்கும். இரும்புத் தளத்தில் லாடம் வழுக்கினால் என்ன ஆகும்? லாரியின் பக்கத்தடுப்பு அதன் நெஞ்சுக்குக்கூட வராது. மிரண்டால் நேராக நெடுஞ்சாலையில்தான் போய் விழும்.

ஜூரோங் லாரிக்காரன்
ஞாயிறு, காலை 8.02

ரப்பர் விரிப்பு போட்டால் வழுக்காது. பலகையை ஆறடிக்கு அடிக்கலாம். நான் பியானோவே கொண்டுபோயிருக்கிறேன்.

காங்கேயம்77
ஞாயிறு, காலை 8.09

பியானோ திடுக்கிட்டுத் துள்ளாது. நெஞ்சைத் தடுக்கும் முன்கம்பியை எதில் மாட்டுவீர்கள்? பிரேக் போட்டால் 800 கிலோவும் முன்னால் வந்து மோதும். அதைத் தாங்குவதற்கென்றே செய்த கம்பி வேண்டும், மரப்பலகை போதாது.

லாடக்காரர் மகள்
ஞாயிறு, காலை 8.35

வாணி, இந்தச் சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும். எனக்கு இரண்டு விவரம் வேண்டும். பின்வாங்கும்போது அவன் உள்ளே எந்த இடத்தில் இருக்கிறான்? நெஞ்சு முன்கம்பியைத் தொட்ட பிறகா, அதற்கு முன்பா? அப்புறம், பிட்டத்துக்குப் பின்னால் தடுக்கும் பின்கம்பியைப் போட்டுப் பார்த்தீர்களா?

ஈசூன் வாணி
ஞாயிறு, காலை 9.20

எல்லோருக்கும் நன்றி. விவரம் போடாதது என் தவறு. ஷையர் என்ற கனத்த இனத்தின் கலப்பு. அவனுடைய தாளில் 18.2 கை என்று இருக்கிறது. 10.16ஆல் பெருக்கினேன், 185 செ.மீ. வருகிறது. எடை தெரியவில்லை. டிரெய்லரின் உள் உயரம் ஏழடி, அதாவது 213 செ.மீ. 28 செ.மீ. இடைவெளி இருக்கிறதே, போதாதா? இழுக்கப்போவது நண்பரின் பிக்கப், விவரம் கேட்டிருக்கிறேன். பின்கம்பியைப் போட முடியவில்லை. மாட்டுவதற்குள் அது அவன் தொடையில் படுகிறது, உடனே துள்ளுகிறான். ஏவிஎஸ் (சிங்கப்பூர் விலங்கு மருத்துவச் சேவை) அனுமதி, மலேசியப் பக்கத்து அனுமதி எல்லாம் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதைப் பற்றிக் கவலையில்லை.

லாடக்காரர் மகள்
ஞாயிறு, காலை 9.41

பின்கம்பி தொடையில் படுகிறது என்றீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் உயரக் கணக்கு. 18.2 என்பது தசமம் இல்லை. 18 கை, அதற்கு மேல் 2 அங்குலம். ஒரு கைக்கு 4 அங்குலம், ஆக மொத்தம் 74 அங்குலம், 188 செ.மீ. லாடத்தோடு இன்னும் கொஞ்சம் கூடும். அது கழுத்தும் முதுகும் சேரும் மேட்டின் உயரம்தான். தலை அதற்கும் மேலே. குதிரை சாதாரணமாக நின்றாலே காது அந்த மேட்டைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். ஏழடிக் கூரைக்கு அடியில் முத்து தலையைத் தாழ்த்தியபடிதான் நிற்க வேண்டும். திடுக்கிட்டு நிமிர்ந்தால் இடிக்கும். இத்தனை உயரமான குதிரைக்கு ஏழரை அடி, 229 செ.மீ., இருந்தால்தான் கொஞ்சம் நிம்மதி.

ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது நீளத்தை. டிரெய்லர் விற்பவர்கள் எல்லோரும் ‘இத்தனை கை வரை’ என்று உயரத்தைத்தான் சொல்வார்கள். குதிரை உள்ளே நிற்பதோ நெஞ்சுக் கம்பிக்கும் பின்கம்பிக்கும் நடுவில். தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம் பொதுவாக உயரத்தை ஒட்டியே இருக்கும், ஷையர் போன்ற கனத்த இனங்களில் அதற்கு மேலும் போகலாம். அந்த இரண்டு கம்பிகளுக்கும் இடையே எத்தனை செ.மீ. என்று அளந்து சொல்லுங்கள். நாடாவை எடுத்துக்கொண்டு நேராக லாயத்துக்குப் போங்கள்.

எடையும் நாடாவிலேயே வந்துவிடும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றிச் செ.மீ.யில் அளங்கள். அதை அதாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுங்கள். கிலோ கிடைக்கும். சரியாக எடை மேடையில் நிறுத்தியதற்குச் சமம் இல்லை, ஆனால் இழுவைப்பிரியன் கேட்ட கணக்குக்குப் போதும்.

கிராஞ்சி பழையவர்
ஞாயிறு, காலை 10.15

நாடா வைத்துக் குதிரை ஏற்றிய கதையை இப்போதுதான் கேட்கிறேன். 1999இல் புக்கிட் தீமா பந்தயத் திடலை மூடிக் கிராஞ்சிக்கு மாறியபோது எத்தனை குதிரைகளை ஏற்றினோம் என்று தெரியுமா? ஒன்றுக்கும் நாடா பிடிக்கவில்லை. கண்ணால் பார்த்தாலே தெரியும்.

லாடக்காரர் மகள்
ஞாயிறு, காலை 10.27

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் ஏற்றியவை பந்தயக் குதிரைகள். பெரும்பாலும் 16 கையைச் சுற்றி, 500 கிலோ. அந்த வண்டிகள் அவற்றின் அளவுக்கே செய்தவை. அதனால்தான் உங்களுக்கு நாடா தேவைப்படவில்லை. இவன் வேறு உடம்பு.

ஃபேரர் பார்க் பேரன்
ஞாயிறு, காலை 10.50

ஐயா, புக்கிட் தீமாவிலேயே வேலை செய்தீர்களா? என் தாத்தா அதற்கும் முன்னால், ஃபேரர் பார்க்கில் குதிரைகள் ஓடிய காலத்தில், குதிரைக்காரராக இருந்தவர். 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போனபோது அவரும் கூடவே போனார். தேக்கா பக்கம் போகிறவர்களில் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு ஏன் அந்தப் பெயர் என்று பலருக்குத் தெரியாது.

கிராஞ்சி பழையவர்
ஞாயிறு, காலை 11.05

ஆமாம் தம்பி, அந்தக் காலத்தில் லாயங்களில் பாதி நம் ஆட்கள்தான். ‘சைஸ்’ என்று கூப்பிடுவார்கள். 2024 அக்டோபர் 5, சிங்கப்பூரின் கடைசிக் குதிரைப் பந்தயத்தன்று நானும் கிராஞ்சிக்குப் போயிருந்தேன். எல்லோரும் கிளம்பிய பிறகும் லாயத்துப் பக்கம் நின்றுகொண்டே இருந்தேன். காலியான லாயத்தின் வாடை வேறு மாதிரி இருக்கும். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

இழுவைப்பிரியன்
ஞாயிறு, காலை 11.20

பிக்கப் என்ன மாடல்? தகடு?

ஜூரோங் லாரிக்காரன்
ஞாயிறு, மதியம் 12.30

மருத்துவரைக் கூப்பிட்டுக் கொஞ்சம் மயக்க மருந்து போட்டால் எந்த வண்டியிலும் நிற்கும் அல்லவா?

நோவீனா மாலா
ஞாயிறு, மதியம் 12.44

வேண்டாம். மயக்கத்தில் கால் தடுமாறும். ஓடும் வண்டியில் நிற்க அந்தக் கால்கள்தானே அதற்குத் துணை? கால்நடை மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்லாமல் அந்தப் பேச்சே கூடாது.

ஈசூன் வாணி
ஞாயிறு, மாலை 5.55

அளந்துவிட்டேன். மார்பைச் சுற்றி 224, தோளிலிருந்து பிட்டம் வரை 194. கணக்கில் 819 கிலோ வருகிறது. டிரெய்லரின் முன்கம்பிக்கும் பின்கம்பிக்கும் இடையே 190.

இன்னொன்றையும் பார்த்தோம். எங்கள் லாயத்து அண்ணன் அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தவர், சட்டென்று என் கையைப் பிடித்து அவன் இரண்டு காதுகளுக்கு நடுவில் வைத்தார். நெற்றி மயிரை ஒதுக்கினால் ஒரு வெள்ளிக்காசு அளவுக்கு முடி போயிருக்கிறது. அடியில் தோல் தடித்துச் சூடாக இருக்கிறது. நேற்று ஏற்றும்போது கூரை விளிம்பில் இடித்திருக்கிறான். நாங்கள் ஐந்து பேர் சுற்றி நின்றோம், ஒருவரும் கவனிக்கவில்லை. கையை வைத்ததும் தலையைத் தாழ்த்தி என் தோளில் சாய்த்துக்கொண்டான். அழுகை வந்துவிட்டது. பயந்துபோய்த்தான் பின்வாங்கியிருக்கிறான், நான் பிடிவாதம் என்று நினைத்துத் திட்டினேன்.

லாடக்காரர் மகள்
ஞாயிறு, மாலை 6.20

வருத்தப்படாதீர்கள் வாணி. ஐந்தாவது முறையும் நம்பி ஏறியிருக்கிறானே, அதுவே பெரிய விஷயம். 190இல் 194ஐ அடைக்க முடியாது. இந்த டிரெய்லரை விட்டுவிடுங்கள், எவ்வளவு குறைந்த விலைக்கு வந்தாலும்.

தேட வேண்டியது இதுதான். உள் உயரம் 229க்குக் குறையக் கூடாது. இரண்டு கம்பிகளுக்கும் நடுவே குறைந்தது 215 வேண்டும். முன்கம்பிக்கு அப்பால் தலையையும் கழுத்தையும் நீட்டித் தாழ்த்த இடம் இருக்க வேண்டும். தலையை உயர்த்திக் கட்டியே கொண்டுபோனால் மூக்குச் சளி வெளியே வடியாமல் நுரையீரலுக்குப் போய்க் காய்ச்சலில் விடும். வழியில் தலையைத் தாழ்த்திச் செருமினால்தான் அது வெளியே வரும். நடுத்தடுப்பு தரை வரை இருந்தால் எடுத்துவிடுங்கள். இவ்வளவு அகலமான குதிரை காலை அகட்ட அந்தத் தடுப்பு விடாது. தடுப்பை எடுத்தால் முழு அகலக் கம்பி இரண்டு வேண்டும், அதையும் கேட்டு வாங்குங்கள். குதிரையைக் கோணலாக நிறுத்தும் டிரெய்லர் வேண்டாம். அதில் நீளம் இன்னும் குறையும்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்த வண்டியின் உள் நீளத்தையும் அகலத்தையும் லாயத்து வராந்தாவில் இரண்டு மூங்கிலும் கயிறும் வைத்துக் குறித்து, முத்துவை அதற்குள் நிறுத்திப் பாருங்கள். வண்டி வருவதற்கு முன்பே அவன் உடம்பு பதில் சொல்லிவிடும்.

இழுவைப்பிரியன்
ஞாயிறு, மாலை 6.41

819 என்றால் தகடு மொத்தம் 2,500 இருந்தால் நிம்மதி. மரத்தளமாக இருந்தால் ரப்பரைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மூத்திரம் ஊறி மக்கியிருந்தால் குத்திய இடம் உள்ளே போகும். டயரின் பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் அது செய்யப்பட்ட வாரம், கடைசி இரண்டு இலக்கம் வருடம். பட்டை நன்றாக இருக்கிறது என்று பழைய டயரை நம்ப வேண்டாம். தடுப்பை எடுக்காமல் ஒரு குதிரையை மட்டும் ஏற்றினால், நம் சாலையில் வலப்பக்கம், அதாவது ஓட்டுநர் பக்கம், ஏற்றுங்கள். சாலை இடது ஓரத்துக்குச் சரிந்திருக்கும்.

காங்கேயம்77
ஞாயிறு, இரவு 7.10

எல்லையைக் கடக்க உட்லண்ட்ஸ் வேண்டாம், துவாஸ் வழியாகப் போங்கள், விடியற்காலையில். வெயிலில் வண்டி வரிசையில் நின்றால் டிரெய்லருக்குள் காற்றே இருக்காது. தண்ணீர் அவன் குடித்துப் பழகிய வாளியிலேயே கொடுங்கள். புதுத் தண்ணீரை அவை மோந்துவிட்டு விட்டுவிடும்.

கிராஞ்சி பழையவர்
ஞாயிறு, இரவு 8.00

194 என்று தெரிந்திருந்தால் நான் அப்படி எழுதியிருக்க மாட்டேன், வாணி. காலையில் சொன்னதை விட்டுவிடுங்கள். அந்தத் தடிப்பில் ஈரத்துணி வைத்து ஒத்தடம் கொடுங்கள், இரண்டு நாள் கடிவாளம் மாட்டாதீர்கள். வீக்கம் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஏற்றும் நாளில் காதுக்கு நடுவில் தோல் தலைக்காப்பு ஒன்று போடுங்கள். அவசரப்படாமல் ஏற்றுங்கள்.

நோவீனா மாலா
புதன், இரவு 9.30

வாணி, என்ன ஆயிற்று?

ஜூரோங் லாரிக்காரன்
வெள்ளி, காலை 7.15

நானும் காத்திருக்கிறேன் அக்கா. 14 அடி பற்றிச் சொன்னது தப்புதான், இப்போது புரிகிறது.

ஈசூன் வாணி
பதினெட்டு நாள் கழித்து, மாலை 4.10

தாமதத்துக்கு மன்னிக்கவும். அந்த டிரெய்லரை வாங்கவில்லை. ஒருவர் குதிரை லாரி வாடகைக்குத் தந்தார், உள் உயரம் 235, தடுப்பை எடுத்துவிட்டோம். மூங்கில் குறிப்பில் மூன்று நாள் பழக்கினோம். காலை ஐந்து மணிக்கு ஏற்றினோம், முதல் தடவையிலேயே ஏறினான். துவாஸ் வழியாகப் போய்ச் சேர்ந்தாயிற்று. இப்போது புல் மேய்ந்துகொண்டிருக்கிறான். எல்லோருக்கும் நன்றி.