இன்ஜின் ஓடினாலும் இரண்டாவது பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை

குடும்பத்தோடு வண்டியில் தீவுப் பக்கம் கேம்பிங் வந்திருக்கிறோம். முந்தாநாள் மாலையிலிருந்து பின்பக்கத்து இரண்டாவது பேட்டரியில் சார்ஜ் ஏறவே இல்லை. ஃபிரிட்ஜ் நடுராத்திரியில் நின்றுவிடுகிறது. இங்கே மெக்கானிக் கிடையாது, அடுத்த படகு வியாழக்கிழமைதான்.

வண்டி 2014 மாடல் டீசல், ஃபோர் வீல் டிரைவ். பின்னால் 100 ஆம்பியர்-அவர் ஏஜிஎம் (சீல் செய்த லெட்-ஆசிட் வகை) பேட்டரி, நடுவில் முன் பேட்டரிப் பக்கத்து மின்சாரத்தை வாங்கிப் பின் பேட்டரிக்கு ஏற்றும் 25 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர். அலை நனைத்த மணலில் கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகுதான் இது ஆரம்பித்தது.

இன்ஜின் ஓடும்போது முன் பேட்டரியில் 14.1 வோல்ட் வருகிறது, அதனால் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்றும் ஜெனரேட்டர்) மேல் எனக்குச் சந்தேகமில்லை. சார்ஜரின் இன்புட்டில் 13.9 காட்டுகிறது; சார்ஜர் வேலையைத் தொடங்கியதுமே 11.5க்கு விழுந்து விளக்கு அணைகிறது. சற்றுக் கழித்து மறுபடி அதே கூத்து.

ஃபியூஸ் இரண்டையும் மாற்றிவிட்டேன். சேசிஸில் எர்த் போல்ட்டைக் கழற்றினால் வாஷருக்கு அடியில் பச்சையாகப் பூத்திருந்தது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கினேன். பலனில்லை. அப்புறம் ஜம்பர் கேபிளில் எர்த்தை நேராக முன் பேட்டரி நெகட்டிவுக்கே இழுத்தும் பார்த்தேன், மாற்றமில்லை. பாசிட்டிவ் கேபிளில்தான் எங்கோ உப்புத் தண்ணீர் புகுந்திருக்க வேண்டும். அது கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடுகிறது. கூடாரம், அடுப்பு, பிள்ளைகள் எல்லாரையும் இந்த மழையில் வெளியே இறக்காமல் பிரிக்க வழியில்லை.

படகு வரும்வரை சார்ஜரைக் கழற்றிவிட்டு, ஜம்பர் கேபிளால் இரண்டு பேட்டரியையும் நேராக இணைத்து தினமும் ஒரு மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டால் ஆல்டர்னேட்டருக்கோ ஏஜிஎம் பேட்டரிக்கோ ஆபத்து உண்டா?