அம்பாசடர் ஆயில் சம்ப்பில் டிரெயின் போல்ட் மரை போய்விட்டது. சம்ப்பைக் கழற்றாமல் சரிசெய்ய இயலுமா?

கானாடுகாத்தான் வளவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பச்சி வாங்கிய 1989ஆம் ஆண்டு அம்பாசடர், 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினோடு இன்றும் வீட்டுக் கார் கொட்டகையில் ஓடும் நிலையில் இருக்கிறது. சென்ற ஆண்டு வெளியூர் சென்றபோது நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றில் எண்ணெய் மாற்றினேன். இந்த முறை நானே மாற்றலாம் என்று, எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியான சம்ப்பின் வடிகால் போல்ட்டைக் கழற்றியபோது, அதன் மரையில் சுருள் சுருளாக இரும்புத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வந்தன. திரும்ப மாட்டினால் இரண்டு சுற்று வரை பிடிக்கிறது. அதன் பிறகு எவ்வளவு திருகினாலும் இறுகாமல் சும்மா சுழல்கிறது. டெஃப்லான் டேப் சுற்றிப் பார்த்தும் பயனில்லை. ஆச்சி கொடுத்த பழைய எனாமல் தட்டைக் கீழே வைத்திருக்கிறேன். காலையில் பார்த்தால் ஒரு குழிக்கரண்டி அளவு எண்ணெய் தேங்கியிருக்கிறது. அடுத்த மாதம் வீட்டில் திருமணம் இருப்பதால், மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் வேண்டும் என்கிறார்கள். சம்ப்பைக் கழற்றாமலே சரிசெய்ய வழி உண்டா?

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

அண்ணே, முதலில் அந்த டெஃப்லான் டேப்பை எடுத்துவிடுங்கள். அதன் பிசிறு பிய்ந்து உள்ளே போனால் எண்ணெய் பம்ப்பின் வடிகட்டியில் போய் ஒட்டிக்கொள்ளும். அவசரத்துக்கு, தானே புது மரை வெட்டிக்கொள்ளும் ஓவர் சைஸ் போல்ட் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. என் மாருதியில் இரண்டு ஆண்டுகளாக அதுதான் இருக்கிறது. மாட்டும்போது கோணாமல் நேராகப் பிடியுங்கள். கோணினால் வாஷர் ஒரு பக்கம் மட்டுமே அமர்ந்து, கசிவு அப்படியே இருக்கும்.

பள்ளத்தூர் லேத் எழுதியது:

தம்பி சொன்ன ஓவர் சைஸ் போல்ட் தற்காலிகத்துக்குச் சரிதான். ஆனால் அதை வாங்குவதற்கு முன் மரை எதனால் போனது என்று பார்க்க வேண்டும். உங்கள் எஞ்சின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழியாக வந்த பிரிட்டிஷ் வடிவமைப்பு. அதில் இருப்பவை அங்குலக் கணக்கு மரைகள். தொண்ணூறுகளில் வந்த 1800 சி.சி. இசுசு எஞ்சினிலோ மெட்ரிக் மரை. பழைய எஞ்சினின் துளையில் கைக்கு அகப்பட்ட மெட்ரிக் போல்ட்டை வைத்து, நீளக் குழாய் செருகிய ஸ்பேனரால் இறுக்கி அனுப்பிய வண்டிகள் என் பட்டறைக்கு நிறைய வந்திருக்கின்றன. இரண்டு சுற்று பிடித்துவிட்டுச் சுழல்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வந்தது. போல்ட்டின் மேல், மரைகளின் இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் வைத்துப் பாருங்கள். யாரோ நினைவிலிருந்து சொல்லும் அளவை நம்பி, துளைக்குள் மரை வெட்டும் டேப் கருவியை வாங்க வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சம்ப்பைக் கழற்றாமலும் டேப் அடித்துப் புது மரை வெட்டலாம். டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பி, அரைச் சுற்றுக்கு ஒருமுறை பின்னால் திருப்பி, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்து, கடைசியில் மேலே இருந்து அரை லிட்டர் மலிவான எண்ணெயை ஊற்றித் துளை வழியாக ஓடவிட்டால் துணுக்குகளில் பெரும்பகுதி வந்துவிடும். இரும்புத் தகட்டு சம்ப் என்பதால் மிச்சத்தைக் காந்தத்தால் இழுக்கவும் முடியும். அலுமினியமாக இருந்தால் அந்த வசதி இல்லை. ஆனாலும் நான் கழற்றவே சொல்வேன். தகட்டின் கனம் குறைவு. மரை இருப்பது அதில் பற்றவைத்த கட்டியில் மட்டுந்தான். அதைக் குடைந்து பெரிதாக்கினால் சுவர் மெலிந்து, ஒருநாள் கட்டியே பிளந்துவிடும். துளைக்குள் புது மரையாகச் செருகும் ஹெலிகாயில் கம்பிச் சுருளும் ஆழம் இருக்கும் இடத்தில்தான் நன்றாக நிற்கும்.

பழைய கட்டியை அரைத்து எடுத்துவிட்டு, லேத்தில் உள்ளே மரையுள்ள ஒரு இரும்புப் புஷ் (குழல்) கடைந்து, சுற்றிலும் பற்றவைப்பதுதான் நிலைத்து நிற்கும் வேலை. புஷ்ஷின் மேல்விளிம்பு சம்ப்பின் உள்தரையைவிட உயர்ந்து நின்றால், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அழுக்கு எண்ணெய் வெளியேறாமல் தங்கிவிடும் என்பதைக் கடைசல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பற்றவைக்கும் முன் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் சம்ப்பை இரண்டு முறை கழுவ வேண்டும். எண்ணெய்ப் பசையோடு நெருப்புக் காட்டுவது ஆபத்து. முடிந்ததும் வெளிப்பக்கம் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிக் காயவிட்டு, உள்ளே டீசலை ஊற்றி ஓர் இரவு வையுங்கள். ஊசிமுனைத் துளை இருந்தாலும் வெள்ளையில் கறை தெரிந்துவிடும். சுண்ணாம்புக்கு நம் ஊரில் பஞ்சமா என்ன!

தக்கை கேஸ்கெட் தொகுப்பைக் கையில் வாங்கி வைத்துக்கொண்ட பிறகே சம்ப்பைக் கழற்றுங்கள்.

கானாடுகாத்தான் வளவு எழுதியது:

லேத் ஐயா சொன்னது அப்படியே உண்மை. காரைக்குடியில் பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்ததில் போல்ட் மெட்ரிக். துளையில் மிஞ்சியிருந்த மேல் மரையோ அங்குல அளவு. சம்ப்பைக் கழற்றியபோது அடியில் கரும்பசையோடு நெல்மணி அளவில் மூன்று இரும்புத் துணுக்குகள் கிடந்தன. ஓவர் சைஸ் போல்ட் போட்டிருந்தால் அவை அங்கேயே கிடந்திருக்கும். சுண்ணாம்புச் சோதனையில் முதல் நாள் ஓரிடத்தில் கடுகளவு கறை தெரிந்தது. அதை மீண்டும் பற்றவைத்த பிறகு சுத்தம். புது போல்ட்டை எவ்வளவு இறுக்குவது, பழைய காப்பர் வாஷரையே போடலாமா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் லேத் எழுதியது:

பழைய வாஷர் தட்டையாக, பள்ளம் விழாமல் இருந்தால் போடலாம். அடுப்பில் மங்கிய சிவப்பு வரும் வரை காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள்; செம்பு மறுபடி மென்மையாகிவிடும். முன்பு இறுக்கத்தில் கெட்டிப்பட்ட வாஷரை அப்படியே போடுவதால்தான் கசிகிறது, கசிவதால் இன்னும் இறுக்குகிறார்கள், மரை போகிறது. போல்ட்டை முதலில் விரலால் மட்டும் முழுவதும் ஏற்றுங்கள். விரலுக்கு ஏறாத போல்ட்டுக்கு ஸ்பேனர் தொடக் கூடாது. பிறகு 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் 15 முதல் 20 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் கொடுத்தால் போதும். வண்டி சூடேறி ஆறிய பிறகு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் மேற்கொண்டு இறுக்க வேண்டாம்.