4கே மட்டும் திக்குகிறது, கேபிள் 100-ஐத் தாண்டவில்லை

கோபிச்செட்டிபாளையம் பக்கம் வீடுங்க. மாடியில் ரூட்டரும் படங்கள் உள்ள கணினியும். கீழே ஹாலில் டிவியோடு ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி, அதில் படம் ஓட்டும் கோடி (Kodi) மென்பொருள். மாடியிலிருந்து அதற்குச் சுவருக்குள் நெட்வொர்க் கேபிள். ஆடிப்பெருக்குக்கு முன்னால் பெய்த இடிமழை வரை எல்லாம் சரி. அப்புறம் பெரிய 4கே கோப்புகள் நின்று நின்று ஓடுகின்றன. 1080பி-க்குச் சிக்கலே இல்லை.

அதே கோப்பு பென்டிரைவில் நன்றாக ஓடுவதால் டிவி, எச்டிஎம்ஐ மேல் சந்தேகமில்லை. ரூட்டரில் போர்ட் மாற்றியாயிற்று, கேபிளின் இரு முனையிலும் ஆர்ஜே-45 பிளக் புதிதாக அடித்தாயிற்று. இணைப்பு 100 எம்பிபிஎஸ்தான். பை பெட்டியை மாடிக்குத் தூக்கிப்போய்ச் சின்னக் கேபிளில் மாட்டினால் 1000 காட்டுகிறது! கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டுமே, உள்ளே ஏதோ ஒன்று போயிருக்கும். வைஃபை கீழே வருவதற்குள் செத்துவிடுகிறது (அப்புச்சி கட்டிய சுவர், ஆணிகூட இறங்காது).

சுவருக்குள் புதைத்த முக்கால் அங்குல பைப், நடுவில் இரண்டு வளைவு. பழைய கேபிளிலேயே கட்டிப் புது கேட்-6 கேபிள் இழுத்தால் வருமா?