ஷேடு சாயம் போட்ட பஷ்மினா: நேரில் பார்த்தவர்கள், வாங்கியவர்கள் எழுதுங்கள்

நூல்பைத்தியம்

ஸ்ரீநகர் பழைய நகரத்தில் ஒரு சாயப்பட்டறை. பழக்கமான ரஃபூகர் (கிழிந்த சால்வையை இழை தெரியாமல் தைத்துச் சரிசெய்பவர்) ஒருவர் கூட்டிப்போனார். பஷ்மினா என்பது ஆட்டின் மெல்லிய உள்ரோமத்தில் நெய்த சால்வை, ஷேடு என்பது ஒரே சால்வையில் நிறம் அடர்த்தியிலிருந்து வெளிறலாகப் படிப்படியாக மாறுவது. எப்படிப் போடுவார்கள் என்பது இங்கே பலருக்கும் தெரியும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சால்வையை முழுக்க நனைத்துக் கம்பில் தொங்கவிட்டு, பெரியவர் ஒரு முனையையும் பையன் மறு முனையையும் பிடித்திருந்தார்கள். கீழே செப்புக் கொப்பரையில் கருநீலச் சாயம் ஆவி பறக்கிறது. இறக்குகிறார்கள், ஏற்றுகிறார்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலே உயர்த்துகிறார்கள். அடிப்பக்கம் அதிக நேரம் சாயத்தில் கிடப்பதால் அங்கே கருநீலம், நடுவில் வானநீலம், மேலே பால்வெள்ளை. கை ஒரே இடத்தில் நின்றால் கோடு விழுந்துவிடும். அதனால் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை.

வாசலில் யாரோ பையனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். அவன் பக்கம் ஒரு சாண் தாழ்ந்து நீலம் கோணலாக ஏறிவிட்டது. பெரியவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அப்புறம் கம்பை உருவிவிட்டு, இன்னும் கொஞ்சம் சாயம் கரைத்து ஊற்றி, முழுச் சால்வையையும் கொப்பரைக்குள் விட்டுவிட்டார். ஏறின சாயத்தை வெளுத்து எடுக்கப் போனால் அவ்வளவு மெல்லிய இழை தாங்காது, மேலே அடர்த்தியாகப் போட்டு மறைப்பதுதான் வழி என்று ரஃபூகர் பிறகு சொன்னார். “அப்படியே கொடுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லி முடிப்பதற்குள் வெள்ளை போய்விட்டது.

அந்த நூலை எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண் ராட்டையில் உட்கார்ந்து நூற்றிருப்பார். அந்த வெள்ளை இப்படிப் போனது அவருக்குத் தெரியவே போவதில்லை. எனக்கு இன்னும் உறுத்துவது அதுதான்.

கடற்கரைக்காற்று

படிக்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் ஷேடு இருந்தாலே கைவேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மில் துணியிலும் ஸ்பிரே அடித்தோ பிரிண்ட் போட்டோ இதைக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

மாமல்லபுரத்தில் ஒரு கடை. ரோஜா நிறத்திலிருந்து வெள்ளைக்குப் போகும் சால்வை. அசல் பஷ்மினா என்று நிரூபிக்க, கடைக்காரர் அதை மோதிரத்துக்குள் இழுத்துக் காட்டினார். குஞ்சத்திலிருந்து ஒரு நூல் எடுத்துக் கொளுத்தலாமா என்றேன், தாராளமாக என்றார். கொளுத்தினால் காகிதம் எரிகிற வாசனை, தொட்டால் உதிர்கிற சாம்பல். விஸ்கோஸ், அதாவது மரக்கூழிலிருந்து செய்யும் செயற்கை இழை. முடி கருகும் வாடை துளிகூட இல்லை.

அவர் மறுத்துப் பேசவில்லை. சால்வையை மடித்து, ஓரங்களைச் சேர்த்து நீவி, ‘பியூர் பஷ்மினா’ என்று எழுதியிருந்த அதே அடுக்கின் மேல் வைத்தார். வயதான தம்பதி உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தலையில் அதைக் கட்டியிருப்பாரோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

சென்னிமலைக்காரி

கடற்கரைக்காற்று, நூலைக் கொளுத்திப் பார்த்தால் பாதிதான் தெரியும். செம்மறிக் கம்பளியும் முடிதான், அதுவும் அதே வாடைதான் அடிக்கும். மோதிரமோ அதைவிட மோசம், மெல்லிசாக இருக்கிற எந்தத் துணியும் அதில் நுழையும். மோதிரச் சால்வை என்ற பேச்சே ஷாதூஷை வைத்து வந்தது. திபெத்தியச் சிரு மான்களைக் கொன்று எடுக்கிற ரோமம் அது, விற்பதே குற்றம். யாராவது பெருமையாக அந்தப் பேரைச் சொன்னால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

என் கதை சின்னது. தம்பி கொண்டுவந்த மெரூன் ஷேடு சால்வையை நாத்தனார் வாளியில் ஊறவைத்துவிட்டார், வெள்ளைப் பக்கம் முழுக்க ரோஜா நிறம். அதனால் சொல்கிறேன்:

ஷேடு சால்வையை ஊறவைக்கவே கூடாது. பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு, முக்கி அலசி உடனே எடுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், துண்டில் சுருட்டி அழுத்துங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் அடர்நிறம் வெளுத்த பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். கொடியில் தொங்கவிட்டால் இழுபட்டு வடிவம் போய்விடும், நிழலில் தட்டையாக விரித்துக் காயவையுங்கள். பூச்சி உருண்டையைத் துணி மேல் நேராகப் போடாதீர்கள்.

வாங்கும்போது சால்வையைத் திருப்பிப் பாருங்கள். முக்கி எடுத்த சாயம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். பிரிண்டு என்றால் பெரும்பாலும் பின்பக்கம் வெளிறியிருக்கும். காஷ்மீர் பஷ்மினாவுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இழையின் தடிமன் 16 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போகக் கூடாது, கையால் நூற்று, கையால் நெய்திருக்க வேண்டும். ஸ்ரீநகரில் சோதித்து, எண் போட்ட லேபிள் ஒட்டித் தருகிறார்கள். மெஷின் நூலுக்கு நைலான் கலந்து நூற்று, நெய்த பிறகு அமிலத்தில் அந்த நைலானைக் கரைத்துவிடுகிறார்கள். நல்ல பஷ்மினாவின் உயிரே அதில் போய்விடுகிறது. லேபிள் இல்லை என்றால் விலை பேசவே பேசாதீர்கள்.

பனிமலையன்

எல்லாரும் சாயத்தையே பேசுகிறீர்கள். லடாக்கில் சோ மொரிரி ஏரிக்கரையில், 4,500 மீட்டருக்கு மேலே, ஆடு மேய்க்கும் நாடோடிகளான சாங்பா இனப் பெண் ஒருவர் பஷ்மினா ஆட்டின் காலைக் கட்டிப் படுக்கவைத்துச் சீவிக்கொண்டிருந்தார். குளிர்காலம் முடிந்ததும் உள்ரோமம் தானாகவே கழன்று வரும். அதை என் கையில் கொடுத்தார். கனமே தெரியவில்லை, ஆனால் உள்ளங்கை சட்டென்று சூடாகிவிட்டது. வெள்ளை, சாம்பல், பழுப்பு என்று ஆட்டிலேயே நிறம் இருக்கிறது. அதன் மேல் எதற்குச் சாயம்? எனக்குப் புரியவில்லை.

நூல்பைத்தியம்

பனிமலையன், சாயம் போடாத சால்வை அழகுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் வெள்ளை ரோமம்தான் அதிகம், அதில் சாயம் ஏற்றிப் பிழைக்கிற குடும்பங்கள் ஸ்ரீநகரில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அந்தப் பெரியவரின் கை தெரிந்த வேலையை ‘எதற்கு’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

கடற்கரைக்காற்று, நீங்கள் சொல்வது சரி, ஷேடு ஒரு சான்று ஆகாது. லேபிளையும் பார்க்க வேண்டும், திருப்பியும் பார்க்க வேண்டும்.

அப்புறம், தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அந்தச் சால்வை கருநீலமாகவே விற்றுப்போய்விட்டதாம். பெரியவர் பையனை வேலையை விட்டு அனுப்பிவிட்டாரா என்று ரஃபூகரிடம் போனில் கேட்டேன். இல்லையாம். அடுத்த சால்வைக்கும் மறு முனையை அவன்தான் பிடித்தானாம், வாசல் கதவைச் சாத்திவிட்டு.