கடத்தின் வாய்க்குள் மைக் ஒட்டச் சொன்ன மகானுக்கு

கும்கிப்பித்தன் | இரவு 8:40
மோர்சிங் (வாயில் வைத்து மீட்டும் சிறு வாத்தியம்) மைக் பற்றிய இழையில் ஒலிப்பெட்டி போகிற போக்கில் ஒரு முத்தை உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறார். “கடத்துக்குச் சத்தம் போதவில்லை என்று கட வித்வான்கள் காலங்காலமாக அழுகிறார்கள். வாய்க்குள் ஒரு குட்டி கிளிப் மைக்கை ஒட்டினால் கதை முடிந்தது. அவர்கள்தான் பழைய பழக்கத்தை விட மாட்டேன் என்கிறார்கள்.” அங்கேயே பதில் எழுதினால் மோர்சிங்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அதனால் தனி இழை.

கடம் என்கிற மண்பானையை வாசிக்கிறவன் என்ற முறையில் ஒரே ஒரு கேள்வி. பானையின் வாய் எங்கள் வயிற்றைப் பார்த்து இருக்கிறது. கும்கி, அதாவது சறுக்கி இறங்கும் அடிநாதம், வேண்டும்போது அந்த வாயை வயிற்றோடு அணைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் பானையின் நடுவில் தட்டுகிறோம். வாய் மூட மூட நாதம் கீழே இறங்கும். சரி, வயிறு வாயை மூடும்போது உள்ளே இருக்கும் உங்கள் மைக் என்ன செய்யும்?

ஒலிப்பெட்டி | இரவு 8:58
என்ன செய்யும், வேலை செய்யும்.

கும்கி எங்கிருந்து வருகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். வாயிலிருந்து. ஆனால் மேடையில் மைக் எங்கே நிற்கிறது? முன்னால், ஒரு குட்டை ஸ்டாண்டில், பானையின் அடிப்பக்கத்தைப் பார்த்து. அதற்குக் கிடைப்பது ‘டிக் டிக்’ மட்டும். ‘இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள்’ என்று கையைத் தூக்கிக் காட்டுவீர்கள். ஃபேடரை ஏற்றினால் கடத்தோடு பக்கத்தில் இருக்கும் மிருதங்கமும் வயலினும் சேர்ந்து அந்த மைக்கில் ஏறும். பானைக்குள் வைத்தால் வெளிச்சத்தம் உள்ளே வருவது குறைவு. இதை நான் மேடையில் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மூன்றாம்வரிசை | இரவு 9:05
பானைக்குள் மைக் வைத்தால் வித்வானின் வயிறு இரைவதும் கேட்குமே. சாயங்காலக் கச்சேரிக்கு கேன்டீன் போண்டா பக்கவாத்தியம்.

கும்கிப்பித்தன் | இரவு 9:21
கேள்விக்குப் பதில் வரவில்லை. ‘வேலை செய்யும்’ என்பது பதிலா?

நானே சொல்கிறேன். கடம் என்பது ஒரு சுவர், உள்ளே ஒரு காற்று. இரண்டும் சேர்ந்தால்தான் வாத்தியம். சுமார் 12 லிட்டர் கொள்ளளவு, 11 செ.மீ. வாய் என்று வைத்துக்கொண்டு ஹெல்ம்ஹோல்ட்ஸ் கணக்கு (பானைக்குள் இருக்கும் காற்று எந்த ஸ்ருதியில் அதிரும் என்கிற சூத்திரம்) போடுங்கள். திறந்த வாயோடு உள்காற்றின் அதிர்வு 150 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். வயிறு வாயைச் சுருக்கச் சுருக்க அது 100-க்கும் கீழே சறுக்கும். அந்தச் சறுக்கல்தான் கும்கி. அந்த அதிர்வில் காற்றழுத்தம் எங்கே அதிகம்? பானையின் உள்ளே. அங்கே போய் மைக்கை வைத்தால் எதைத் தட்டினாலும் ‘பூம்’ என்றுதான் வரும். கழுத்தில் விழுகிற நகச் சொல் (சொல் என்றால் ஒவ்வொரு தட்டும்), அடிப்பக்கத்து விரல் சொல், வேகமான பரன் என்கிற தாளக் கோவையில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெறிப்பது எல்லாம் சுவரின் வெளிப்பக்கத்துச் சமாச்சாரம். உள்ளே இருக்கும் மைக்குக்கு அதெல்லாம் பக்கத்து வீட்டுச் சண்டை.

முக்கியமானது இனிமேல்தான். உள்ளே இருக்கும் மைக் ஸ்பீக்கரைக் கேட்டு ஊளையிடத் தொடங்கினால் எந்த அலைவரிசையில் ஊளையிடும்? பானை தானாக எதில் அதிர்கிறதோ அதில். நீங்கள் உடனே ஈக்வலைசரில் அந்த இடத்தை வெட்டுவீர்கள். வெட்டியது எது? கும்கி. கும்கிக்காக உள்ளே போன மைக், கும்கியைக் கொன்றுவிட்டு வெளியே வரும்.

வயிறு மூடும்போது உள்ளே இருக்கும் மைக் என்ன செய்யும்?

வைகைக்கரை | இரவு 9:40
இத்தனை பேச்சு எதற்கு என்று புரியவில்லை. மானாமதுரைக் கடம் எடுத்து வாசித்தால் மைக் பஞ்சாயத்தே வராது. சுவர் தடிமன், கனம், தட்டினால் வெண்கலம் மாதிரி கணீர் என்று நிற்கும். சென்னைக் கடம் மெல்லிசு. விரலுக்குச் சுகம். அந்தச் சுகத்துக்குத்தான் இப்போது மைக்காரரிடம் கெஞ்சுகிறீர்கள்.

கும்கிப்பித்தன் | இரவு 9:44
என்னிடம் இருப்பது மானாமதுரைக் கடம்தான். அடுத்து?

வைகைக்கரை | இரவு 9:47
அப்படியானால் கையில் குறை.

மூன்றாம்வரிசை | இரவு 9:48
😂😂

ஒலிப்பெட்டி | இரவு 10:10
ஹெல்ம்ஹோல்ட்ஸ் வரைக்கும் போனவர் மானிட்டர் பக்கம் போகவில்லையே. ஊளையிடுவதற்குக் காரணம் உங்கள் காலடியில் நீங்களே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் மானிட்டர் ஸ்பீக்கர். அதன் வாய் பானையைப் பார்த்து இருக்கிறது. அதை நிறுத்திவிட்டுக் காதில் இயர்போன் போட்டு வாசியுங்கள். ஃபீட்பேக் முக்கால்வாசி போய்விடும். ஆனால் சொன்னால் கேட்பீர்களா? “ஸ்ருதி கேட்காது, பாடகர் முகம் பார்க்க வேண்டும், சம்பிரதாயம்…”

உள்ளே ‘பூம்’ என்றால் அந்த ‘பூம்’மை அளவோடு குறைக்கத்தான் மிக்சர் இருக்கிறது. இல்லாததை ஏற்ற முடியாது, இருப்பதைக் குறைக்கலாம்.

இன்னொன்று. மேற்கத்திய மேடைகளில் டிரம்முக்குள்ளேயே மைக் வைக்கிறார்கள். கிக் டிரம்மின் முன்தோலில் ஓட்டை போட்டு உள்ளே விடுவார்கள். யாரும் அழவில்லை.

கும்கிப்பித்தன் | இரவு 10:19
கிக் டிரம்மை யாரும் வயிற்றில் அணைத்து மூடித் திறப்பதில்லை. காலால் உதைக்கிறார்கள். அதற்கு ஒரே ஒரு சொல்தான். கடத்துக்கு எத்தனை சொல் என்று உங்களுக்குத் தெரியுமா?

வயிறு மூடும்போது மைக் என்ன செய்யும்? மூன்றாவது தடவை கேட்கிறேன்.

தாளப்பிரியன் | இரவு 10:31
அண்ணன்மார்களே, இரண்டுக்கும் நடுவில் கான்டாக்ட் மைக் இருக்கிறதே. ஏ.கே.ஜி. சி411 மாதிரி ஒன்றைச் சுவரிலேயே ஒட்டிவிட்டால் வெளிச்சத்தமும் வராது, வாயும் சும்மா இருக்கும்.

கும்கிப்பித்தன் | இரவு 10:36
சுவர் அதிர்வு மட்டும் வரும், காற்று வராது. மேசையைத் தட்டின மாதிரி இருக்கும். கும்கியில் வாய் மூடித் திறக்கிற குழைவு அதில் பாதிகூடத் தெரியாது. தவிர, மண் சுவரில், வியர்வை வழிகிற கையோடு, அந்தப் பிசின் தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) முடிகிற வரைக்கும் நிற்குமா என்று ஒட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தாளப்பிரியன் | இரவு 10:38
ஒரு யோசனைதான் சொன்னேன். கோபம் எதற்கு?

மூன்றாம்வரிசை | இரவு 10:45
மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் ஒரு கட்டத்தில் மைக் வைத்தால் வாசிக்க மாட்டேன் என்றே நின்றவர். அவரைக் கேட்க மக்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மைக்கை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்று ஏன் அடித்துக்கொள்கிறீர்கள்? எடுத்துவிடுங்கள்.

ஒலிப்பெட்டி | இரவு 10:52
அவர் மணி ஐயர். நீங்கள் உட்காருகிற மூன்றாம் வரிசைக்குக் கேட்கும். முப்பதாம் வரிசைக்காரரும் டிக்கெட் வாங்கித்தான் வந்திருக்கிறார்.

மூன்றாம்வரிசை | இரவு 10:55
முப்பதாம் வரிசைக்காரர் கைபேசி பார்க்கிறார். அவருக்கு எது கேட்டால் என்ன?

கும்கிப்பித்தன் | இரவு 11:14
மணி ஐயர் பேச்சை எடுத்தது நல்லது. அவர் காலத்தில் பாடகரும் மைக் இல்லாமல் பாடினால்தான் அந்தச் சமநிலை. இன்றைக்குப் பாடகருக்கு மைக், வயலினுக்கு மைக், மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு (வலப்பக்கம்) ஒன்று தொப்பிக்கு (இடப்பக்கம்) ஒன்று என்று இரண்டு மைக். கடத்துக்கு மட்டும் ஒற்றை மைக், அதுவும் மிச்சமிருந்தால். மிருதங்கத்துக்கு இரண்டு பக்கம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. கடத்துக்கும் இரண்டு பக்கம் உண்டு என்று ஒருவருக்கும் உறைப்பதில்லை.

நான் எப்போதும் கேட்பது இதுதான். ஒரு மைக் முன்னால், அடிப்பக்கத்தையும் விரல் விழும் இடத்தையும் பார்த்து. எஸ்.எம்.57 போதும். இன்னொன்று பக்கவாட்டில், வாய்க்கும் வயிற்றுக்கும் நடுவில் திறந்து மூடும் இடைவெளியைப் பார்த்து, நாலு விரல் தள்ளி. உள்ளே இல்லை. வெளியே. இரண்டும் எதிரெதிர் திசையில் பார்ப்பதால் சேரும்போது அடிநாதம் ஒன்றையொன்று தின்றுவிட வாய்ப்பு உண்டு. மிக்சரில் ஒரு மைக்குக்கு, அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தானை மாற்றி அழுத்திப் பார்த்து, எதில் நாதம் நிறைகிறதோ அதை வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு லோ கட், அதாவது அடிநாதத்தை வெட்டும் பொத்தான். எல்லா சேனலிலும் 80, 100 ஹெர்ட்ஸில் லோ கட்டை அழுத்தியபடியே விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகிறார்கள். கும்கி சறுக்கி இறங்குகிற இடமே அதுதான். கடத்துக்கு மட்டும் அதை எடுத்துவிடுங்கள் என்றால் “சார், ஹம் வரும்” என்பார்கள். போன மார்கழியில் ஒரு சபாவில் இதைக் கேட்டதற்கு அந்த சவுண்ட்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். தனி முழுவதும் என் கும்கி எனக்கு மட்டும் கேட்டது.

ஒலிப்பெட்டி | இரவு 11:20
ஆக, சண்டை என்னோடு இல்லை. அந்த சவுண்ட்காரரோடு.

கும்கிப்பித்தன் | இரவு 11:22
அந்த சவுண்ட்காரரும் உங்களை மாதிரிதான் பேசினார்.

ஒலிப்பெட்டி | இரவு 11:34
வாய் ஓரத்தில் இரண்டாவது மைக் என்கிறீர்களே, உங்கள் வலதுபக்கம் மிருதங்கக்காரர் தொப்பியைத் தட்டும்போது அந்த மைக் என்ன செய்யும்? நானும் கேட்கிறேன். தொப்பியின் அடிநாதமும் உங்கள் கும்கியும் ஏறக்குறைய ஒரே பிரதேசம். லோ கட்டையும் எடுக்கச் சொல்கிறீர்கள். ஹாலில் வந்து கேளுங்கள், ஒரே கும்.

உள்ளே வைத்தால் இந்தப் பிரச்சினை இல்லை.

கும்கிப்பித்தன் | இரவு 11:37
உள்ளே வைத்தால் கடமே இல்லை.

ஒலிப்பெட்டி | இரவு 11:38
உள்ளே வைத்துக் கேட்டிருக்கிறீர்களா?

கும்கிப்பித்தன் | இரவு 11:39
வயிறு மூடும்போது என்ன ஆகும் என்று சொல்லுங்கள், வைத்துக் கேட்கிறேன்.

தாளப்பிரியன் | இரவு 11:46
கட வித்வான் விக்கு விநாயக்ராம் ஷக்தி என்ற இசைக்குழுவில் 70-களிலேயே உலக மேடைகளில் வாசித்தவர். அமெரிக்க டிரம் கலைஞர் மிக்கி ஹார்ட்டோடு சேர்ந்து வாசித்த 1991 தொகுப்பு கிராமியும் வாங்கியது. கடத்தை உலகத்துக்குக் கேட்க வைக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி இல்லையா?

மூன்றாம்வரிசை | இரவு 11:49
கிராமி வாங்கியது ஸ்டூடியோவில் பதிவு செய்தது ஐயா. அங்கே ஊளையிட ஸ்பீக்கரும் இல்லை, ‘கைக்குட்டை போட்டு சீட் பிடித்திருக்கிறேன்’ என்று சண்டை போட ரசிகர்களும் இல்லை.

வைகைக்கரை | நள்ளிரவு 12:03
விக்கு பானையைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? உள்ளே மைக், அதிலிருந்து வயர், வயரின் மறுமுனை மிக்சரில். தூக்கிப் போட்டால் பானை திரும்பி வரும். மிக்சர்?

ஒலிப்பெட்டி | நள்ளிரவு 12:06
வயர்லெஸ் என்று ஒன்று கண்டுபிடித்துப் பல வருடம் ஆகிறது.

கும்கிப்பித்தன் | நள்ளிரவு 12:08
டிரான்ஸ்மிட்டரை எங்கே வைப்பீர்கள்? பானைக்குள்ளா? உள்ளே போடுகிற ஒவ்வொரு பொருளும் கொள்ளளவைக் குறைக்கும், ஸ்ருதியை மாற்றும். கொஞ்சம் களிமண்ணை அப்பி ஸ்ருதி சரிசெய்கிற வாத்தியம் இது. நீங்கள் பேட்டரி போடச் சொல்கிறீர்கள். கடக் கலைஞர் சுகன்யா ராம்கோபால் கட தரங்கத்தில் ஸ்ருதி பார்த்துப் பல பானைகளை வரிசையாக வைக்கிறார். அத்தனைக்குள்ளும் ஒரு மைக், ஒரு பேட்டரியா?

ஒலிப்பெட்டி | நள்ளிரவு 12:11
12 லிட்டர் பானைக்குள் ஒரு விரல் அளவு பொருள் வைத்தால் ஸ்ருதி மாறுமாம். கணக்குப் போட்டவர் நீங்கள்தான், இதற்கும் போட்டுக் காட்டுங்கள்.

மோர்சிங்தாசன் | காலை 6:15
‘மோர்சிங்காரர்கள் முகம் சுளிப்பார்கள்’ என்று முதல் பதிவில் எங்களை இழுத்தது எதற்கு? நாங்கள் மைக்கை உதட்டருகே வைத்துக்கொண்டு பேசாமல் வாசித்துவிட்டுப் போகிறோம். சென்ற வருடமும் இதே கும்கிப்பித்தன் ‘மோர்சிங் மைக்கால் மட்டுமே உயிர் வாழும் வாத்தியம்’ என்று எழுதினார். இன்று அவரே இரண்டு மைக் கேட்கிறார்.

கும்கிப்பித்தன் | காலை 6:30
அன்று எழுதியதை இன்றும் சொல்வேன். மைக்கை எடுத்தால் மோர்சிங் இரண்டாம் வரிசைக்குக் கேட்காது. கடம் கேட்கும். எனக்குச் சத்தம் கூட வேண்டாம், நாதம் அப்படியே போக வேண்டும். இரண்டும் வேறு.

மோர்சிங்தாசன் | காலை 6:33
கேட்கும் என்றால் ஏன் இந்த இழை?

புதுக்கடம் | காலை 7:02
எல்லோருக்கும் வணக்கம். நாளை எங்கள் ஊர்க் கோயில் கச்சேரியில் கடம் வாசிக்கிறேன். திறந்தவெளி மேடை. கடத்துக்கு ஒரே ஒரு மைக், எஸ்.எம்.58, தருவதாகச் சொல்கிறார்கள். எங்கே வைக்கச் சொல்வது?

ஒலிப்பெட்டி | காலை 7:10
எஸ்.எம்.58 உள்ளே போகாது. எனவே வாய்க்கு நேரே, எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு. நெருங்கினால் அந்த மைக்கில் அடிநாதம் தானாகவே கூடும்.

கும்கிப்பித்தன் | காலை 7:12
தம்பி, அதைக் கேட்காதே. வாய்க்கு நேரே வைத்தால் நீ அணைக்கும்போது சட்டைத்துணி உரசுகிற சத்தம்தான் ஊருக்குக் கேட்கும். பானையின் கழுத்துக்கு மேலே, சாய்வாக, ஒரு சாண் தள்ளி. விரலும் வாயும் இரண்டும் அதற்குத் தெரிய வேண்டும். மானிட்டரை உனக்குப் பின்பக்கமோ ஓரமாகவோ தள்ளச் சொல், முன்னால் வேண்டாம். லோ கட் பொத்தானை எடுக்கச் சொல்.

ஒலிப்பெட்டி | காலை 7:15
திறந்தவெளியில் லோ கட்டை எடுத்தால் காற்றடிக்கும்போது மைக் உறுமும். தம்பியை மாட்டிவிடாதீர்கள்.

கும்கிப்பித்தன் | காலை 7:16
பஞ்சு உறை போட்டால் தீர்ந்தது. எந்தப் பெட்டியிலும் கிடக்கும்.

வைகைக்கரை | காலை 7:20
தம்பி, உன் கடம் எந்த ஊர்?

புதுக்கடம் | காலை 7:24
சென்னை சார்.

வைகைக்கரை | காலை 7:25
அப்படியானால் இரண்டு மைக் கேள்.

மட்டுறுத்துநர் | காலை 7:40
தனிநபர் தாக்குதலைத் தவிர்க்கவும். மோர்சிங் குறித்த சண்டையை அதற்கான இழையில் தொடரவும்.

மோர்சிங்தாசன் | காலை 7:42
தொடங்கியவருக்கு எச்சரிக்கை இல்லையா?

புதுக்கடம் | காலை 8:05
நன்றி. மேடையில் மிருதங்கம் வாசிக்கும் சார் ‘நான் சொல்கிற இடத்தில் வை’ என்று சொல்லிவிட்டார். அங்கேயே வைத்துவிடுகிறேன்.

கும்கிப்பித்தன் | காலை 8:07
மிருதங்கக்காரர் சொல்கிற இடமா! அவருக்கு இரண்டு மைக் உண்டா, இல்லையா, அதை முதலில் கேட்டுச் சொல்.

ஒலிப்பெட்டி | காலை 8:09
இதோ, அடுத்து மிருதங்கத்தின் மீது பாயப்போகிறார்.